பூவே அளவுகோல்: செஞ்சிக் கோட்டையின் பொம்மை மாதிரிகளும் சின்னஞ்சிறு மலர்களும்



பொம்மைக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கட்டும் மாதிரிக் கட்டடங்களைச் சின்னஞ்சிறு பூக்களால் அணிசெய்யும் கலையே இன்றைய சொற்பொழிவின் பொருளாகும். கோட்டையைப் பற்றிப் பேசவேண்டிய ஊரில் பொம்மையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இந்தப் பொருளைப் பேசுவதற்குச் செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பதும், பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் வாய்க்காது என்பதும் உரை வளர வளரப் புலப்படும்.

2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள், பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்னும் தொகுதியை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அத்தொகுதியில் உள்ள கோட்டைகள் 12. அவற்றுள் 11 மராட்டிய மாநிலத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி. 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை, அவர் மகன் இராஜாராம் அடைக்கலம் புகுந்து தலைநகராக்கிக்கொண்ட கோட்டை, 1690 முதல் 1698 வரை முகலாயப் படைத்தலைவர் சுல்பிகார் கானின் முற்றுகையைத் தாங்கி நின்ற கோட்டை, தன்னை ஆண்ட தேசிங்குராசனின் கதையால் தெருக்கூத்து மேடைதோறும் வாழ்கின்ற கோட்டை இன்று உலகத்தின் பொதுச் சொத்தாக ஏற்கப்பட்டுவிட்டது. இனி இக்கோட்டையைப் பள்ளிக் கண்காட்சிகளில் பிள்ளைகள் கட்டுவார்கள். கொலுப் படிகளின் பக்கத்தில் குடும்பங்கள் கட்டும். லெகோ போன்ற கட்டைகளைக் கொண்டு ஆர்வலர்கள் கட்டுவார்கள். கட்டி முடித்ததும், ஏதோ குறைகிறதே என்று நினைத்துக் கை தானாகவே ஒரு பூவைத் தேடும். அந்தப் பூ எது? அதன் அளவு என்ன? அதை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது? இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

சிறு கட்டடம் கட்டி அதற்கு அழகு செய்யும் வழக்கம் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. மணலிலே சிறுமியர் கட்டிய விளையாட்டு வீட்டைச் சிற்றில் என்று தமிழ் இலக்கியம் அழைக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அந்தச் சிற்றிலைச் சிதைப்பதற்கென்றே ஒரு பருவம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் ஒரு பதிகம் முழுவதும் சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று கண்ணனிடம் இறைஞ்சும் முறையீடாக அமைந்திருக்கிறது. சிதைந்தால் அழும் அளவுக்கு அந்த மணல்வீடு அழகாகவும் அக்கறையோடும் கட்டப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா? மார்கழி மாதத்து விடியற்காலையில், வாசல் கோலத்தின் நடுவே சாணத்தைச் சிறு உருண்டையாகப் பிடித்துவைத்து அதன் தலையில் மஞ்சள் நிறப் பூசணிப்பூவைச் செருகும் வழக்கமும் உண்டு. ஒரு சிறு மேடு, அதன்மேல் ஒரு பூ, அவ்வளவுதான். ஆயினும் அந்தப் பூ அமர்ந்தவுடன் வெறும் சாணம் பிள்ளையாராகிவிடுகிறது.

நவராத்திரிக் கொலுவுக்கு வரலாம். படிகளில் பொம்மைகள் அமர்ந்திருக்கும். படிகளுக்குப் பக்கத்திலே தரையில், வீட்டுப் பிள்ளைகளின் கைவண்ணத்தில் ஒரு 'பார்க்' உருவாகும். அதற்கான வேலை நவராத்திரிக்குச் சில நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடும். தட்டிலோ மணற்பரப்பிலோ மண்ணைப் பரப்பி, கடுகையும் கேழ்வரகையும் தூவி, நாள்தோறும் கையால் நீர் தெளித்து வந்தால், கொலு வைக்கும் நாளில் பசும்புல்வெளி தயாராக இருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று அங்கே குளமாகும். அதன் விளிம்பை மணல் மறைக்கும். வண்ணம் தோய்த்த மரத்தூள் பாதையாகும். பிளாஸ்டிக் வாத்து நீந்தும். நகர்ப்புற வாரியக் குடியிருப்பின் ஒற்றை அறையிலும் இந்தப் பூங்கா முளைத்துவிடும் என்பது எண்ணிப் போற்றத்தக்கது.

இதற்கு உடன்பிறப்பான வழக்கம் ஒன்று மராட்டிய மண்ணில் உண்டு. செஞ்சிக்காரர்கள் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். தீபாவளி நெருங்கும்போது அங்குள்ள சிறுவர்கள் வீட்டு முற்றத்திலும் தெருமுனையிலும் கல்லையும் மண்ணையும் சாக்குத் துணியையும் கொண்டு சிறு கோட்டை கட்டுவார்கள். அதற்குக் கில்லா என்று பெயர். இராய்கட், பிரதாப்கட், சிவநேரி என்று உண்மையான கோட்டைகளையே மனத்தில் கொண்டு கட்டுவார்கள்; உச்சியில் சிவாஜியின் மண்ணுருவத்தை அரியணையில் அமர்த்துவார்கள்; சரிவுகளில் மாவளே என்னும் மலைநாட்டு வீரர்களின் பொம்மைகளை நிறுத்துவார்கள்; கோட்டையின் மண்ணில் கடுகு போன்ற விதைகளைத் தூவி மலைக்குப் பசுமை ஊட்டுவார்கள். தமிழ்நாட்டுக் கொலுப் பூங்காவிலும் அதே கடுகு, மராட்டியக் கில்லாவிலும் அதே கடுகு! இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பாராமலே ஒரே முறையைக் கைக்கொண்டிருக்கிறார்கள். மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி என்னும்போது, கொலுப் பூங்காவும் தீபாவளிக் கில்லாவும் கைகோக்க வேண்டிய இடமும் இதுவே அன்றோ?

இப்போது கட்டைக்கு வருவோம். டென்மார்க்கு நாட்டின் பில்லுண்டு என்னும் சிற்றூரில் தச்சராக இருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்பவர் 1932இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவருடைய லெகோ நிறுவனம் 1949இல் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்தது. 1958 ஜனவரி 28ஆம் நாள் இன்றைய வடிவத்துக்குரிய காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. கட்டையின் மேற்புறத்தில் உள்ள சிறு வட்டப் புடைப்புகளைக் குமிழ் எனலாம். அடிப்புறத்தில் உள்ளீடற்ற குழல்கள் இருக்கும். கீழ்க்கட்டையின் குமிழ்கள் மேற்கட்டையின் குழல்களுக்கும் பக்கச் சுவர்களுக்கும் இடையே இறுகப் பிடித்துக்கொள்வதால் பசையின்றியே சுவர் நிற்கிறது, வேண்டும்போது பிரிக்கவும் முடிகிறது. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர்; ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், தட்டு எனப்படும் மெல்லிய கட்டையின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 3.2 மில்லிமீட்டர். இந்த எண்களை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சற்றுநேரத்தில் இவையே பயன்படப் போகின்றன.

இந்தக் கட்டைகளோடு பூக்களும் வருகின்றன. மூன்று கிளைகளாகப் பிரிந்த பச்சைத் தண்டு ஒன்று குமிழின்மேல் நிற்கும். அதன் நுனிகளில் நடுவே துளையுள்ள குட்டிப் பூக்களைச் செருகலாம். நான்கு பூக்கள் ஒரே காம்பில் ஒட்டியபடி அச்சில் வார்க்கப்பட்டு வருவதால், பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திருகி எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் வந்த மற்றொரு வகை, ஒரு குமிழ் அளவே உள்ள வட்டத்தட்டின் ஓரத்தில் ஐந்து இதழ்களைக் கொண்டது. அதன்மேல் மஞ்சள் வட்டத் துண்டு ஒன்றைப் பொருத்தினால் மகரந்தமும் வந்துவிடும். இதைப் பூத்தட்டு என்று அழைப்போம். 2018இல் இந்நிறுவனம் இலை, புதர், மரம் போன்ற மெல்லிய துண்டுகளைக் கரும்பிலிருந்து பெறும் எத்தனால் கொண்டு உருவாக்கிய பாலிஎத்திலீனில் வார்க்கத் தொடங்கியது. கட்டை கடினமான வேறு பிளாஸ்டிக்கால் ஆனது. இலையோ வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கால் ஆனது. ஆலைக் கரும்பு விளையும் விழுப்புரம் மாவட்டத்தார், பொம்மை இலைக்கும் கரும்பு உதவுகிறது என்று கேட்டால் மகிழ்வார்கள். 2021இல் பூங்கொத்தும் போன்சாய் மரமும் தனித் தொகுப்புகளாகவே வெளிவந்தன. அந்தப் போன்சாய் மரத்தில் மலர்ந்திருக்கும் இளஞ்சிவப்புப் பூக்களை அருகில் சென்று உற்றுப் பார்த்தால், அவற்றுள் பல உண்மையில் குட்டித் தவளைப் பொம்மைகள்! தொலைவில் இருந்து நோக்கும் கண்ணுக்குத் தவளையும் பூவாகிவிடுகிறது. இந்த ஒரு செய்தியில் இந்தக் கலையின் உயிர்நாடி அடங்கியிருக்கிறது. ஒரு துண்டு எதுவாகத் தோன்றுகிறது என்பதை அதன் வடிவம் மட்டும் முடிவு செய்வதில்லை. பக்கத்தில் இருக்கும் பொருளும், பார்க்கும் தொலைவும், கட்டடத்தின் அளவும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

ஆகவே இவ்வுரையின் மையமான கேள்வி எழுகிறது. மாதிரியில் பூ எதற்காக? அழகுக்காக என்று எளிதில் விடை கூறிவிடலாம். ஆனால் அழகுக்கு முன்பே பூ செய்யும் வேலை ஒன்று உண்டு. சாம்பல் நிறச் சுவர் ஒன்றை மேசையின்மேல் கட்டி வைத்தால், அது வீட்டுச் சுவரா, கோயில் மதிலா, மலைக்கோட்டையின் கொத்தளமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. சுவரின் அடியில் ஒரு பூவை வைத்த அந்தக் கணமே கண் அளக்கத் தொடங்கிவிடுகிறது. பூ இவ்வளவு என்றால் சுவர் இவ்வளவு என்று மனம் கணக்கிடுகிறது. ஏனெனில் பூவின் அளவு எல்லோருக்கும் தெரியும். கொத்தளத்தின் அளவு எத்தனை பேருக்குத் தெரியும்? பூவே அளவுகோல். அந்த அளவுகோல் பொய்த்தால் கோட்டை முழுவதும் பொய்த்துவிடும்.

செஞ்சியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். செஞ்சியின் மூன்று மலைகளுள் ஒன்றான இராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி, அதாவது சுமார் 240 மீட்டர். அதன் அடிவாரத்தில் எழுந்து நிற்கும் கல்யாண மகால் என்னும் கட்டடத்தின் உயரம் ஏறத்தாழ 27 மீட்டர். கட்டைகளோடு வரும் பொம்மை மனிதனின் உயரம் 4 சென்டிமீட்டர். சராசரி மனித உயரத்தோடு ஒப்பிட்டால் அவன் ஏறத்தாழ 42இல் ஒரு பங்கு. அந்த விகிதத்தில், அதாவது உண்மையில் 42 மீட்டர் இருப்பது மாதிரியில் 1 மீட்டர் என்னும் கணக்கில், கல்யாண மகாலைக் கட்டினால் அது 64 சென்டிமீட்டர் உயரும். 67 கட்டைகளை அடுக்க வேண்டும். கட்டிவிடலாம். ஆனால் இராஜகிரியை அதே விகிதத்தில் கட்டினால் 5 மீட்டர் 70 சென்டிமீட்டர் ஆகும். வீட்டுக்கூரையைப் பிய்த்துக்கொண்டுதான் மலை நிற்கவேண்டும்! இந்த விகிதத்தில் பூத்தட்டின் நிலை என்ன? அதன் அகலம் 8 மில்லிமீட்டர்; 42ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். அவ்வளவு பெரிய மல்லிகை உலகில் உண்டா? கனகாம்பரம் உண்டா? இல்லை. சூரியகாந்தி உண்டு, சற்றுத் தாராளமாக எண்ணினால் நன்கு விரிந்த செந்தாமரையும் ஏறத்தாழ அந்த அளவை எட்டிப்பிடிக்கும். ஆகவே பொம்மை மனிதன் நிற்கும் மாதிரியில் பூத்தட்டைக் குளத்தில் தாமரையாக வைக்கலாம்; அந்தப்புரத்து வாயிலில் மல்லிகைக் கொடியாக வைத்தால் கண் உடனே இடறும்.

விகிதத்தை மாற்றுவோம். உண்மையில் 250 மீட்டர் இருப்பது மாதிரியில் 1 மீட்டர் எனக் கொள்வோம். இராஜகிரி 96 சென்டிமீட்டர். சரியாக 100 கட்டைகளின் உயரம். ஒரு வகுப்பு மாணவர்கள் கூடினால் முடியும். கல்யாண மகால் ஏறத்தாழ 11 கட்டை உயரம். இராஜகிரி உச்சிக்குச் செல்லும் வழியில் மலையைப் பிளந்தாற்போல் குறுக்கிடும் பிளவு இருக்கிறதல்லவா, பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி திகைத்து நிற்க வேண்டிய அந்தப் பிளவின் அகலம் ஏறத்தாழ 24 அடி, ஆழம் 60 அடி. அது இந்த மாதிரியில் ஏறத்தாழ மூன்றரைக் குமிழ் அகலமும் ஏழரைக் கட்டை ஆழமும் உடையதாகும். இப்போது அதே பூத்தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 8 மில்லிமீட்டரை 250ஆல் பெருக்கினால் 2 மீட்டர். 2 மீட்டர் அகலமுள்ள பூ உலகில் இல்லை. ஆனால் 2 மீட்டர் அகலமுள்ள பூத்த புதர் உண்டு. செஞ்சியின் வறண்ட சரிவுகளுக்கு ஏற்ற ஆவாரஞ்செடி ஏறத்தாழ அந்த அளவுதான். மஞ்சள் பூத்தட்டு ஒன்றைப் பாறையிடுக்கில் வைத்தால் அது தனிப் பூவாகத் தோன்றாது. பூத்துக் குலுங்கும் ஆவாரம் புதராகத் தோன்றும்.

இன்னும் சிறியதாக்குவோம். 1,000 மீட்டர் 1 மீட்டராகட்டும். இராஜகிரி 24 சென்டிமீட்டர். 25 கட்டைகள் போதும், ஒரு பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் எழுப்பிவிடலாம். கல்யாண மகால் ஒன்பது தட்டுகளின் உயரத்துக்குள் அடங்கிவிடும். பூத்தட்டு? 8 மீட்டர் அகலம். சித்திரை, வைகாசியில் பொன் சொரிந்தாற்போல் பூத்து நிற்கும் சரக்கொன்றை மரம் ஒன்றின் தலைப்பரப்பு அதுவே. அதற்கும் கீழே, மூன்று மலைகளையும் இணைக்கும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில் முழுவதையும் ஒரே மேசையில் அடக்க வேண்டுமென்று 5,000இல் ஒரு பங்காகக் குறைத்தால், பூத்தட்டு 40 மீட்டர் மரமாகிவிடும். அப்படிப்பட்ட மரம் செஞ்சியில் எங்கே? அந்த மாதிரியில் பூ கூடாது. பச்சைத் தட்டும் பழுப்புத் தட்டும் போதும்.

துண்டு ஒன்றே. ஓரிடத்தில் அது தாமரை. ஓரிடத்தில் ஆவாரம் புதர். ஓரிடத்தில் கொன்றை மரம். ஓரிடத்தில் வைக்கவே தகாத பொருள். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால், விகிதம் என்னும் கணிதப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க வேண்டிய உழைப்பில் பாதி குறைந்துவிடும் என்று ஆசிரியர்களுக்கு உறுதியாகக் கூறலாம்.

கொலுவில் இந்தக் கட்டுப்பாடு இல்லையே, பெரிய அணிலுக்குப் பக்கத்தில் சிறிய தசாவதாரம் அமர்ந்திருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கொலுப்படி ஒரே இடத்தைக் காட்டுவதாக உரிமை கொண்டாடுவதில்லை. அங்கே ஒவ்வொரு பொம்மையும் தனித்தனி உலகம். ஆனால் இது செஞ்சிக் கோட்டை என்று பெயர்ப்பலகை வைத்துவிட்டால், எல்லாப் பொருளும் ஒரே விகிதத்துக்குள் வந்தாக வேண்டும். கொலுப் பூங்காவின் கடுகு முளைகூட இந்தக் கணக்குக்குத் தப்பாது. ஐந்தாறு நாளில் 5 சென்டிமீட்டர் வளர்ந்துவிடும் கடுகு முளை, ஆயிரத்தில் ஒரு பங்கு மாதிரியில் 50 மீட்டர் உயரக் காடு. கல்யாண மகால் அதற்குள் மூழ்கிப்போகும். மண்ணால் பெரிதாகக் கட்டும் முற்றத்துக் கோட்டைக்குக் கடுகு பொருந்தும். கட்டைகளால் சிறிதாகக் கட்டும் மேசைக் கோட்டைக்கு, நன்றாகப் பொடித்துப் பச்சை தோய்த்த மரத்தூளே பொருந்தும்.

அளவைப் போலவே காலமும் முக்கியம். கோட்டையைக் கட்டும்போது எந்த ஆண்டின் கோட்டை என்று முடிவு செய்ய வேண்டும். 1690களின் முற்றுகையைக் காட்டும் மாதிரி என்றால், அதில் சிவப்புப் பூத்தட்டுகளை வைத்து மயிற்கொன்றை வரிசை அமைக்கலாமா? இன்று சாலையோரங்களில் தீப்பிடித்தாற்போல் பூக்கும் அந்தப் பெருமரம் மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்டது. தாவரவியலார் அதை அங்கே கண்டு உலகுக்கு விவரித்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். காகிதப்பூ எனப்படும் போகன்வில்லா தென்னமெரிக்கக் கொடி. இன்று காடெங்கும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. சப்பாத்திக்கள்ளியும் அவ்வாறே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே அமைத்தார். வேலிகாத்தான் என்றும் சீமைக்கருவேலம் என்றும் மக்கள் அழைக்கும் மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் வந்தது. இராஜாராமின் வீரன் மதில்மேல் நின்று பார்த்திருந்தால் இவற்றுள் எவை அவன் கண்ணில் பட்டிருக்கும்? மயிற்கொன்றை பட்டிருக்காது, சீமைக்கருவேலம் பட்டிருக்காது. ஆவாரம், சரக்கொன்றை, எருக்கு, வேம்பு, புரசு, குளத்திலே அல்லியும் தாமரையும் ஆகியவையே மண்ணுக்குரியவை. இன்றைய செஞ்சியைக் காட்டும் மாதிரிக்கோ இந்தத் தடை இல்லை. சுற்றுலாப் பயணி பார்க்கும் செம்மலரை அப்படியே வைக்கலாம்.

இனி இடம். முற்றுகைக் கோட்டையின் மதிலுக்கு வெளியே பூஞ்செடிகளை நெருக்கமாக வைப்பது போர்முறைக்கே ஒவ்வாது. எதிரி பதுங்குவதற்குப் புதர் உதவுமென்பதால் மதிலின் முன்புறத்தை வெட்டவெளியாக வைப்பதே கோட்டை காப்பவர்களுக்கு நன்மை. மேலும், ஆண்டுக்கணக்கில் பாளையமிறங்கும் படைக்கு அடுப்பெரிக்க விறகும் வேண்டும். ஆகவே அங்கே வெறுமையே உண்மை. பூவுக்குரிய இடங்கள் உள்ளே இருக்கின்றன: வேங்கடரமணர் கோயிலின் சுற்றுப்புறம், கல்யாண மகாலின் முற்றம், ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம். இராஜகிரியின் செங்குத்துப் பாறையில் மட்டும் ஒரு பூவும் வைக்க வேண்டாமென்று கட்டுபவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. செஞ்சியின் பேரழகு அந்த மொட்டைப் பாறையில்தான் இருக்கிறது. உருண்டு நிற்கும் கற்களின் சாம்பலையும் துருநிறத்தையும் பூக்களால் மூடிவிட்டால் அது ஊட்டி மலர்க் கண்காட்சியாகலாம், செஞ்சியாகாது. நூறு கட்டை உயரமுள்ள வெறும் பாறையும் அதன் அடியில் நான்கே நான்கு மஞ்சள் புள்ளிகளும் இருந்தால் மலையின் உயரம் பார்ப்பவர் நெஞ்சில் உறைக்கும்.

பிளாஸ்டிக் பூ கிடைக்கவில்லையே, விலை அதிகமாயிற்றே என்று தயங்கும் பெற்றோர்களுக்கும் ஒரு சொல்.   குட்டிப் பூக்களுக்குக் கடையை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. தஞ்சாவூரில் நெட்டி வேலை என்னும் கைத்தொழில் உண்டு. நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்ணிறத் தண்டைத் தாள்போல் மெல்லியதாகச் சீவி, நறுக்கி, ஒட்டிப் பெரிய கோயிலையும் பூமாலைகளையும் உருவாக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். இத்தொழிலுக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் அணியும் நெட்டிமாலையும் இந்தத் தண்டால் ஆனதே. கட்டை மாதிரிகளுக்கு நெட்டியைவிட ஏற்ற பொருள் அரிது. கட்டைகளுள் சிலவற்றில் குமிழின் நடுவே 3 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியான துளை இருக்கும். நெட்டித் துண்டை அந்தத் துளையைவிட மயிரிழை பருமனாகச் சீவி, நுனியை விரலிடையே உருட்டிச் சற்றே நசுக்கி உள்ளே செலுத்தினால், மென்மையான நெட்டி மீண்டும் விரிந்து துளையைப் பற்றிக்கொள்ளும். பசை தேவையில்லை, கட்டையும் பாழாகாது. வெளியே நிற்கும் நுனியைக் கூரிய கத்தியால் நான்கைந்து கீற்றாகப் பிளந்து மெல்ல விரித்துவிட்டால், அரிசியளவுப் பூ ஒன்று மலர்ந்து நிற்கும். மஞ்சள் கரைத்த நீரில் ஊசிமுனையைத் தொட்டு நடுவே வைத்தால் அல்லிப்பூ.

செலவே இல்லாத வழியும் உண்டு. பொங்கல் காப்புக் கட்டுக்கு ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துச் செருகும் சிறுபூளையை அறியாதவர் இங்கே இருக்கமாட்டார்கள். அதன் வெண்ணிறப் பூங்கதிர் காய்ந்தபின்னும் உதிராமல் நீண்ட நாள் நிற்கும். அந்தக் கதிரை நகத்தளவுக்குக் கிள்ளித் துளையுள்ள குமிழில் நட்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு மாதிரியில் அது பங்குனி, சித்திரையில் பூத்த வேப்பமரம். தும்பைப்பூவும் நெருஞ்சிப்பூவும் அன்றைக்கே வாடிவிடும் என்பதால் கண்காட்சி நாளின் காலையில் மட்டும் அவற்றை வைக்கலாம். வாடியதும் புதிதாக மாற்றலாம். நாள்தோறும் சாமிப் படத்துக்குப் பூ மாற்றும் வீடுகளுக்கு அது சுமையாகவா தோன்றும்?

செஞ்சிப் பள்ளிகளின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து இவ்வுரை நிறைவுறுகிறது. வரும் நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாள்களில், ஒவ்வொரு பள்ளியும் 250இல் ஒரு பங்கு விகிதத்தில் கோட்டையின் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பள்ளி கல்யாண மகால், ஒரு பள்ளி நெற்களஞ்சியம், ஒரு பள்ளி பிளவும் பாலமும், ஒரு பள்ளி செட்டிக்குளமும் கரையும். கட்டை இல்லாத பள்ளி மண்ணாலும் அட்டையாலும் அதே விகிதத்தில் கட்டட்டும். ஒவ்வொரு மாதிரியின் முன்னும் ஓர் அட்டையில் மூன்று செய்திகள் மட்டும் தமிழில் எழுதப்படட்டும்: இது எந்த ஆண்டின் கோட்டை, எந்த விகிதத்தில் கட்டப்பட்டது, இதில் உள்ள பூக்கள் எவை. விகிதம் ஒன்றாக இருப்பதால் எல்லாப் பள்ளிகளின் பகுதிகளையும் கொண்டுவந்து ஒரே கூடத்தில் அதனதன் திசையில் வைக்க முடியும். இடைவெளிகளை மரத்தூளால் நிரப்ப முடியும். கட்டைகளைச் சேர்ப்பதற்கு நாள் பிடிக்கும். ஆனால் ஆவாரையும் பூளையும் செஞ்சியின் வரப்போரங்களிலேயே பூத்துக் கிடக்கின்றன.